சின்னக் கால்களுக்கு எட்டும் தூரம்

"கடல் எங்கே இருக்கு மகன்?" என்று என் இளையவனிடம் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். அப்போது அவனுக்கு மூன்றரை வயது. சற்றும் யோசிக்காமல், "உம்மாட போனுக்குள்ள" என்றான்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இருப்பது திருகோணமலை நகரில். வாசலில் நின்றால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். டச்பே கடற்கரைக்குப் பெரியவர்கள் நடந்தால் பத்தே நிமிடம். உலகமே மெச்சும் இயற்கைத் துறைமுகத்தின் ஓரத்தில் பிறந்த பிள்ளைக்கு, கடல் போனுக்குள் இருக்கிறது!

அதே வாரம் மூத்தவள் பாடசாலையிலிருந்து ஒரு கேள்வியோடு வந்தாள். "சுனாமி வந்தா எங்கே ஓடணும் உம்மா?"

"மேட்டுக்கு ஓடணும்."

"மேடு எங்கே இருக்கு?"

உவர்மலை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பாதையில் அவளை ஒருநாளும் நடத்திக் கூட்டிப் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெயர் தெரிந்து என்ன பயன்? வழியல்லவா தெரிய வேண்டும்!

சகோதரிகளே, குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் புகுந்தபோது எனக்கு 14 வயது. கிண்ணியாவில் இருந்த என் சாச்சியின் சின்ன மகள் அன்று வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் உம்மா கடற்கரைப் பக்கம் யாரையும் போக விட்டதில்லை. அதற்கு முன்னும் பின்னும் யுத்தம், சோதனைச் சாவடி, ஊரடங்கு. பெண்பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். பாடசாலை, மத்ரஸா, வீடு. இவ்வளவுதான் நாங்கள் அறிந்த ஊர். திருமணமாகி வந்தபோது நகையோடு நகையாக அந்தப் பயத்தையும் சீதனமாகக் கொண்டு வந்திருக்கிறேன் போலும். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்த செய்தி கேட்டபோது, உம்மா சொன்னதுதான் சரி என்று மனம் இன்னும் இறுகிப் போனது.

ஆனால் மகளின் கேள்விக்கு அந்தப் பயத்திடம் விடை இல்லை. ஆகவே நடக்கத் தொடங்கினோம்.

நடை என்றால் எவ்வளவு?

மலையேற்றம், காட்டுப் பயணம் என்றெல்லாம் எண்ணிப் பயந்துவிட வேண்டாம். மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் நடை பத்தடிக்கு ஒரு தரிப்பு. எறும்பு வரிசை கண்டால் குந்திவிடும். காய்ந்த இலை, உடைந்த சிப்பி, யாரோ வீசிய போத்தல் மூடி எல்லாமே அதற்குப் புதையல். 'வா, வா' என்று கையைப் பிடித்து இழுத்தால் நடையும் போய்விடும், பிள்ளையின் மனமும் வாடிவிடும். போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றை மனதில் வைக்காதீர்கள். அரை மணி போவது, அரை மணி திரும்புவது. பாதி வழியில் திரும்பி வந்தாலும் நட்டமில்லை. திரும்பி வரும் தூரத்தையும் அதே சின்னக் கால்கள்தான் நடக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முதல் மாதம் நான் அதை மறந்து, 14 கிலோ மகனைச் சுமந்துகொண்டு அபாயாவை மிதித்து மிதித்து வீடு வந்து சேர்ந்தேன்!

நேரத்தைப் பொறுத்தவரை நம் வீடுகளுக்குச் சிரமமே இல்லை. சுபஹு தொழுதபின் எட்டு மணி வரை ஒரு நேரம். அஸர் முடிந்து மஃரிபு வரை இன்னொரு நேரம். மே மாதம் முதல் ஓகஸ்ட் வரை எங்கள் ஊரில் கச்சான் காற்று அனலாய் வீசும். அந்த நாட்களில் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் சின்னப் பிள்ளைகளை வெளியில் இறக்குவது நடையல்ல, தண்டனை. மஃரிபு பாங்குக்கு முன் வீட்டுக்குள் வந்துவிட்டால் நுளம்புக் கடியும் குறையும்.

தனியாகப் போகத் தயக்கமா? அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து கொள்ளுங்கள். பிள்ளைகளும் பிள்ளைகளைக் கண்டால்தான் நடக்கும். நாங்கள் மூன்று உம்மாமார், ஏழு பிள்ளைகள். கிடைத்தால் ஒரு வாப்பாவும் வருவார்.

புள்ளிமான்கள் மேயும் கோட்டை

முதல் நடைக்கு நான் சிபாரிசு செய்வது பிரெட்ரிக் கோட்டையைத்தான். நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. வாசலிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். தார் போட்ட பாதை, மெதுவான ஏற்றம், இருமருங்கும் பெரிய மரங்களின் நிழல். ஆலமரத்து விழுதுகளைக் கண்டால் பிள்ளைகள் விட மாட்டார்கள்.

1624 இல் போர்த்துக்கேயர் இவ்விடத்துப் பழங்கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை இது. பின்னர் 1639 இல் ஒல்லாந்தர் கைக்கும், 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. இதையெல்லாம் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொண்டிருக்காதீர்கள், கேட்காது. "வாசல் கல்லில் இரண்டு மீன் ஒளிந்திருக்கு, கண்டுபிடி பார்ப்போம்!" என்று சொல்லிப் பாருங்கள். பாண்டியரின் இரட்டை மீன் சின்னம் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. என் மகள் அதைக் கண்டுபிடித்த அன்று யாரும் கேட்காமலே வீட்டில் பத்துத் தரம் வரைந்து காட்டினாள்.

பிள்ளைகளுக்கு அங்கே உள்ள பெரும் விருந்து மான்கள்தான். மிருகக்காட்சிசாலையும் இல்லை, கம்பி வேலியும் இல்லை. புள்ளிமான்கள் கூட்டமாக மரநிழலில் படுத்து அசைபோடும். சில இனங்களில் குட்டிக்கு மட்டும் புள்ளி இருந்து பெரிதானதும் மறைந்துவிடும். இவற்றுக்கோ ஆயுள் முழுதும் புள்ளி மாறாது. கொம்பு ஆண் மானுக்கு மட்டுமே. அதுவும் மாட்டுக் கொம்பு போல நிலையானதல்ல. விழுந்து மீண்டும் முளைக்கும். முளைக்கும் காலத்தில் கொம்பின் மேல் பட்டுத்துணி போர்த்தியது போல் மெல்லிய மயிர்த் தோல் இருக்கும். ஒரே மானைச் சில மாதம் விட்டுப் போய்ப் பார்த்தால் பிள்ளைகளே மாற்றத்தைச் சொல்லிவிடுவார்கள்.

தயவு செய்து தீனி கொடுக்காதீர்கள். பாணும் பிஸ்கட்டும் அவற்றின் உணவல்ல. கையில் தீனி பார்த்துப் பழகிய ஆண் மான் கொம்போடு நெருங்கி வந்தால் சின்னப் பிள்ளையின் முகம்தான் அதன் உயரத்துக்கு இருக்கும். இன்னொரு வேதனை சொல்கிறேன். மாலையில் இந்த மான்கள் நகர வீதிகளுக்கும் இறங்கி வரும். குப்பைத் தொட்டியில் உணவு வாசம் பட்டால் சொப்பிங் பேக்கோடு சேர்த்தே விழுங்கிவிடும். அசைபோடும் பிராணியின் வயிற்றில் போன பிளாஸ்டிக் சமிப்பதில்லை. அங்கேயே தங்கித் தங்கி இரைப்பையை அடைத்துவிடும். பையை மென்று கொண்டிருந்த ஒரு மானைப் பார்த்து, "அது யாருட பேக் உம்மா?" என்று என் மகன் கேட்டான். எங்கள் வீட்டுக் குப்பையை முடிச்சிட்டு வீதியோரம் வைக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டோம்.

குரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் பை சரசரத்தால் பறித்துக்கொண்டு ஓடிவிடும். தின்பண்டத்தை வெளியில் தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருக்கிறது. பாதையை விட்டு விலகாமல், முகாம் பக்கம் படம் எடுக்காமல் போய் வந்தால் யாருக்கும் தொல்லையில்லை.

உச்சியில் இருப்பது கோணேசர் கோயில். சைவ மக்கள் பக்தியோடு வந்து போகும் இடம். வெள்ளிக்கிழமைகளிலும் விசேட நாட்களிலும் கூட்டம் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் பிள்ளைப் பட்டாளத்தோடு நாம் வழியை அடைக்க வேண்டாமே. மற்ற நாட்களில் நாங்கள் செருப்புக் கழற்றும் இடத்துக்கு முன்னதாகவே ஓரமாக நின்று கடலைப் பார்ப்போம். அங்கே கடலை விற்கும் அம்மா ஒருவர் என் மகனின் பெயரைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறார்.

குன்றின் உயரம் 400 அடி என்பார்கள். நேர்கீழே ஆழ்கடல். பிள்ளையின் கையை மட்டுமல்ல, மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். வியர்த்த விரல்கள் நழுவும், மணிக்கட்டு நழுவாது. கரையை ஒட்டியே கடல் இவ்வளவு ஆழமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நீருக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு துறைமுகத்தின் வாசல் வரை வருகிறது. அந்த ஆழத்தை நம்பித்தான் நீலத்திமிங்கிலங்கள் இந்தக் கரைக்கு இவ்வளவு நெருக்கமாக வருகின்றன. கடல் அமைதியான மாதங்களில் பொறுமையோடு பார்த்தால் குன்றிலிருந்தே அவற்றின் மூச்சு வெண்புகையாய் எழுவது தெரியும் நாளும் உண்டு. எங்களுக்கு இதுவரை ஒரே ஒருமுறைதான் வாய்த்தது. "நம்முடைய பஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே நீளம், ஆனால் குட்டிக்குப் பால் கொடுக்கும்" என்று சொன்னபோது மகள் நம்பவில்லை. மீன் எப்படிப் பால் கொடுக்கும் என்று வாதாடினாள். மீன் அல்ல அது, நம்மைப் போல் மூச்சு வாங்க மேலே வர வேண்டிய பிராணி என்று விளக்க வீடு வரும் வரை ஆயிற்று!

கடலோடு அறிமுகம்

இனி நான் பயந்த இடத்துக்கு வருகிறேன். டச்பே கரையில் மாலை நேரம் குடும்பம் குடும்பமாக மக்கள் இருப்பார்கள். இஸ்ஸோ வடை வாசம் தூக்கும். முதல் நாள் மணலில் இறங்காமல் ஓரத்துச் சுவரிலேயே இருந்தோம். இரண்டாம் நாள் காய்ந்த மணல் மட்டும். மூன்றாம் நாள் ஈர மணல். பிள்ளைகளுக்காக அல்ல, எனக்காகத்தான் இவ்வளவு மெதுவாகப் போனோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அங்கே ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். அலை வந்து தொட்ட எல்லையில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, வீடு திரும்பும்போது கடல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. மும்பாய், குஜராத் போன்ற கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை பல மீற்றர் ஏறி இறங்கும். நம் இலங்கைக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரும் இல்லை. ஆகவே கடல் எந்நாளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். பத்து மாலை குச்சி நட்ட பிள்ளைக்கு அந்த இடம் மனதில் பதிந்துவிடுகிறது. ஒருநாள் கடல் அந்த எல்லையை விட்டு வெகுதூரம் உள்ளே போனால், அல்லது காரணமின்றிப் பொங்கி மேலே வந்தால், 'இது வழக்கம் இல்லை' என்று அதற்கே தெரியும்.

2004 இல் எங்களுக்கு அது தெரியாது. சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கடல் இங்கே வந்தது. அந்த இரண்டு மணி நேரமும் நாங்கள் காலைச் சாப்பாடு செய்துகொண்டிருந்தோம். சுனாமி என்ற சொல்லையே அறியாத ஊர் அது. முதல் அலை போனதும் பொருள் எடுக்கத் திரும்பியவர்களும், என்ன நடந்தது என்று பார்க்கக் கரைக்கு ஓடியவர்களும் அடுத்த அலையில் போனார்கள். ஒரே அலையோடு முடிவதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆகவே கடற்கரையிலிருந்து திரும்பும் வழியை மட்டும் மாற்றினேன். வாரம் ஒருமுறை நேரே வீட்டுக்குப் போகாமல் உவர்மலை ஏறிச் சுற்றிக்கொண்டு போவோம். கரையிலிருந்து அவர்கள் நடையில் 20, 25 நிமிடம். மேலே நின்றால் உட்துறைமுகம் கண்ணாடி போல் தெரியும். செம்பருந்துகள் வட்டமிட்டுச் சட்டென்று இறங்கி நீரில் மீனைக் கவ்விக்கொண்டு எழும். அதைப் பார்க்கும் ஆசையிலேயே இளையவன் மேட்டை ஏறிவிடுவான். இப்போது "மேடு எங்கே?" என்று கேட்டால் மூத்தவள் கைநீட்டிக் காட்டமாட்டாள், எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவாள். எல்லா ஊருக்கும் உவர்மலை இல்லை. மூதூர், கிண்ணியா போன்ற தாழ்ந்த நிலத்துச் சகோதரிகள் தங்கள் பகுதிக்குக் குறித்திருக்கும் பாதுகாப்பான இடம் எதுவென்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு, ஒரு மாலை பிள்ளைகளோடு அதுவரை நடந்து பாருங்கள்.

தண்ணீரில் இறங்கும் விடயத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றே. பெரியவர் கை பிடித்திருந்தால் கணுக்கால் வரை, கை விட்டால் காய்ந்த மணல். போனைப் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்க முடியாது. ஒரு நேரத்தில் ஓர் உம்மா காவல் என்று முறை வைத்துக்கொள்கிறோம். காவலில் இருப்பவரோடு மற்றவர்கள் கதைக்கக்கூடாது. இதுதான் மிகக் கடினமான சட்டம்!

எங்கள் உம்மா ஒரு வருடமாக வரமாட்டேன் என்றார். சென்ற ஏப்ரல் விடுமுறையில் என்ன நினைத்தாரோ, தானாகவே செருப்பைப் போட்டார். கரைக்கு வந்தார். மணலில் இறங்கவில்லை. சுவரில் இருந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் பார்த்தார். பேரன் ஓடிவந்து ஈரக் கையால் ஒரு சிப்பியை மடியில் வைத்தபோது எதுவும் சொல்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பாலத்து மாலை, சுடுதண்ணீர்க் காலை

கிண்ணியாச் சகோதரிகளுக்குக் கையருகே இருக்கிறது பாலம். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்கு முன் படகுப் பாதைக்காகக் கரையில் காத்துக் கிடந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். காற்று பலமாக இருக்கும். பிள்ளையின் தொப்பியைத் தாடையோடு கட்டிவிடுங்கள். வாகனம் போகும் பக்கம் நீங்களும், ஓரத்துப் பக்கம் பிள்ளையுமாக நடக்க வேண்டும். குடாவின் கரையோரங்களில் கண்டல் மரங்களைக் காணலாம். சேற்றிலிருந்து சில கண்டல்களின் வேர்கள் குச்சிகளாய் மேல்நோக்கி நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் அந்த மரங்கள் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகின்றன. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அந்த வேர்க்காட்டில்தான் ஒளிந்து வளர்கின்றன. நம் சட்டிக்கு வரும் இறாலின் தொட்டில் அது என்றால் மிகையில்லை.

கன்னியா வெந்நீரூற்று நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர். பஸ் அல்லது ஓட்டோ வேண்டும். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. அடியில் அடுப்பு எரிகிறதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே நிலத்தின் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடேறித் திரும்பி வருகிறது என்று சொல்லுங்கள். நடக்க அதிகம் இல்லை. வாளியால் அள்ளி ஊற்றுமுன் உங்கள் கையில் சூடு பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளிக் கரைக்கு எதிரே உள்ள புறாத்தீவையும் பலர் சொல்வார்கள். 2003 முதல் அது தேசிய பூங்கா, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் படகில் போக வேண்டும். நீருக்குள் இருக்கும் பவளப் பாறைகள் உயிருள்ளவை, மிதித்தால் இறந்துவிடும். மிதிக்காதே என்று சொன்னால் புரிந்துகொள்ளும் வயது வரட்டும். என் பிள்ளைகளுக்கு நான் பத்து வயது என்று குறித்திருக்கிறேன்.

பைக்குள் என்ன?

தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று. இனிப்புப் பானங்கள் தாகத்தைத் தீர்ப்பதில்லை. பேரீச்சம்பழம், வாழைப்பழம், வீட்டில் அவித்த கடலை. ஒரு ஜீவனிப் பக்கெட், ஒட்டும் பிளாஸ்டர், மாற்று உடுப்பு, ஈரத்துணி. குப்பைக்கு ஒரு வெற்றுப் பை. நீங்கள் அணியும் அபாயா கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றால் ஏற்றத்தில் தடுக்காது. உள்ளே காற்சட்டை அணிந்தால் கவலையுமில்லை. பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து வேண்டாம், பழகியதே நல்லது. வீட்டை விட்டு இறங்குமுன் எல்லோரும் ஒருமுறை கழிவறைக்குப் போய்வந்தே தீர வேண்டும். இதைச் செய்யாமல் கோட்டை வாசலிலிருந்து திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

ஒக்டோபர் பாதியில் வடகீழ்ப் பருவ மழை தொடங்கினால் ஜனவரி வரை கடல் முரண்டு பிடிக்கும். அந்த மாதங்களில் நாங்கள் கரைக்குப் போவதேயில்லை. மழை விட்ட காலைகளில் கோட்டைக்குள் போவோம். ஆலமரத்தடியில் காளான் முளைத்திருக்கும். புல்லுக்குள் குந்திப் பார்த்தால் பட்டுத் துண்டு போல் சிவப்புத் தம்பளப் பூச்சி ஊர்ந்து போகும். சென்ற மழைக்கு என் மகன் ஒன்றைக் கண்டு, அது பாதையைக் கடந்து முடியும் வரை ஒரு சைக்கிள்காரரை நிறுத்தி வைத்தான். அவரும் காலை ஊன்றி நின்று பார்த்தார்.